தளபதி இசக்கிமுத்துவின் துப்பாக்கி

தியாகராய நகர்,
12-6-1976

அன்பில்லாத மருமகள் பங்கஜத்துக்கு,

உஸ்மான் ரோட்டின் பித்தளைச் சக்கரவர்த்தியும், அண்டா குண்டாக்களின் அதிபதியும், உன் அம்மாவோடு பிறந்த ஒரே அண்ணனுமாகிய ராஜரத்தினம் எழுதுவது. இனி இந்த ஜென்மத்தில் உன்னோடு பேசுவதில்லை என்று பொங்கலன்று நான் செய்த சபதம் பழுதில்லாமல் இருக்கிறது. எழுதுவது பேச்சில் சேராது. வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

வீட்டு விலாசத்துக்கு எழுதினால் உன் அப்பா பிரித்துப் படிப்பார். அதனால்தான் அடையாற்றில் நீ பழைய உலோகங்களை ஆராயும் ஆய்வுக்கூடத்துக்கே எழுதுகிறேன்.

நீ செய்தது என்ன என்று நினைவிருக்கிறதா? உன்னோடு வேலை பார்க்கும் வஜீஹாவைப் பொங்கலுக்கு அழைத்து வந்தாய். நல்ல பெண். அவளுக்கு நம் குலத் துப்பாக்கியை எடுத்துக் காட்டி, அதன் குழல்மேல் வெட்டியிருப்பதைப் படித்தேன். "கொல்லம் 973. தளபதி இசக்கிமுத்துவுக்கு அரண்மனை அளித்த வெகுமதி." திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்தில் கொல்லம் ஆண்டுதான் புழக்கம், அதோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் 1798 வரும் என்று விளக்கினேன். பிறகு நம் தளபதி ஒரே வெடியில் ஏழு வெள்ளைக்காரர்களின் தொப்பிகளையும், போகிற போக்கில் ஒரு கழுகையும் வீழ்த்திய சரித்திரத்தைத் தொடங்கினேன். கழுகு பாதி வானத்தில் இருக்கும்போது நீ குறுக்கே புகுந்து, "மாமா, அந்த எழுத்து அவ்வளவு பழசாத் தெரியலையே" என்றாய். உன் அத்தையின் கரண்டி பானைக்குள் நின்றுவிட்டது. கழுகு இன்னும் விழவில்லை.

அதை விடு. இப்போது விஷயம் பெரிது. போன செவ்வாய்க்கிழமை நம் வட்டாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சப்-இன்ஸ்பெக்டர், தங்கை கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்கக் கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டிக்கு மேலே மாலை போட்டுத் தொங்கிய தளபதியாரின் துப்பாக்கியைப் பார்த்தார். "லைசென்ஸ் இருக்கா?" என்றார். "தளபதிக்கே லைசென்ஸா?" என்றேன். சிரிக்கவில்லை. பிறக்கும்போதே சிரிப்பு நரம்பை வெட்டிவிட்டார்கள் போல. ஆனால் மரியாதைக்காரர். விளக்கையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டு, துப்பாக்கிக்கு மட்டும் ரசீது எழுதிக் கொடுத்தார்.

இது நூறு வருஷத்துக்கு மேற்பட்டது, இனிமேல் சுட உதவாது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் திருப்பித் தருவாராம். ஜூலை பதினைந்து கெடு. தவறினால் துப்பாக்கி உலைக்கு, நான் கோர்ட்டுக்கு. யாரிடம் எழுதி வாங்கலாம் என்று கேட்டதற்கு உங்கள் ஆய்வுக்கூடத்தின் பெயரைத்தான் சொன்னார். விதியின் கிண்டலைப் பார்த்தாயா? ஆகவே தளபதி உன்னிடம் வருகிறார். எழுத்து 1798 என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். மற்றபடி நமக்குள் பேச்சு கிடையாது.

இப்படிக்கு,
ராஜரத்தினம்

அடையாறு,
16-6-1976

மாமாவுக்கு வணக்கம்.

துப்பாக்கியைக் கான்ஸ்டபிள் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். நான் உறவு என்பதால் கையெழுத்து எங்கள் தலைவர் அனந்தராமன் சார்தான் போடுவார். பார்த்துக் குறிப்பெழுதுவது நான். என் குறிப்பை நம்பித்தான் அவர் போடுவார் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தின் வயதை அது சொல்லும் தேதியை வைத்துச் சொல்ல முடியாது. வெட்டிய ஓரம் கூராக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, துரு எழுத்துக்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, எந்தக் கருவியால் வெட்டியது என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதனால் சில கேள்விகள். துப்பாக்கி நம் குடும்பத்துக்கு எப்படி வந்தது? எதைப் போட்டுத் துலக்குவீர்கள்? எழுத்தை யாராவது மறுபடி ஆழப்படுத்தியது உண்டா?

பொங்கலிலிருந்து நீங்கள் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா இரண்டு தம்ளர் அரிசி கூடப் போடுகிறாள். சொல்லவேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

பங்கஜம்

தியாகராய நகர்,
19-6-1976

மருமகளே,

கேள்வி கேட்கிறாயா, என்னை? சரி. எப்படி வந்தது என்றால், வெடியும் புகையும் ரத்த ஆறுமாக வந்தது. விவரம் பொங்கலன்று பாதியில் நிற்கிறது.

துலக்குவது உன் அத்தை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்ப்பாள். அவள் தேய்த்துத் தேய்த்து எங்கள் வீட்டு ஆட்டுக்கல் கோலிக்குண்டாகிவிட்டது. மேலிருந்து கீழ்வரை குழலில் ஓர் அங்குலம் விடமாட்டாள். ஆகையால் எழுத்து தேய்ந்து மங்கலாக இருந்தால் அது இருநூறு வருஷப் பழமையும் உன் அத்தையின் புஜபலமும் சேர்ந்தது என்று எழுதிக்கொள்.

யாரும் ஆழப்படுத்தவில்லை. யாருக்குத் துணிச்சல்?

அரிசி விஷயம் படித்தேன். உன் அம்மாவுக்கு எப்போதுமே அளவு தெரியாது.

ராஜரத்தினம்

அடையாறு,
28-6-1976

மாமாவுக்கு,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பூக்கொடி செதுக்கியிருக்கிறது. அத்தையின் செங்கல் பொடி அதைத் தேய்த்து, விரலால் தடவினால் தெரியாத அளவுக்கு மழுக்கியிருக்கிறது. அதே இடத்தில், அதே கை தேய்த்த எழுத்து மட்டும் கூராக நிற்கிறது. பூக்கொடிக்கு வயதாகிவிட்டது. எழுத்துக்கு ஆகவில்லை.

குழலில் பழைய துரு தின்ற குழிகள் இருக்கின்றன. எழுத்து அந்தக் குழிக்குள் இறங்கி ஏறிப் போகிறது. முதலில் துரு வந்திருக்கிறது. எழுத்து அப்புறம்தான்.

மூன்றாவதைத்தான் எழுத முடியாமல் கிழித்தேன். துப்பாக்கியில் எழுத்து வெட்டுகிறவர்கள் கூரான உளியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். கோடு அறாமல் ஓடும். இந்த எழுத்தில் கோடே இல்லை. எல்லாம் புள்ளி. உளியைச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டி, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவது எங்கே நடக்கும் என்று உங்கள் கடையில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? மாமா, தளபதியின் வெகுமதியில் கல்யாணச் சீர் குடத்தில் வெட்டுவதுபோல் வெட்டியிருக்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "கொல்லம் 973" வரை புள்ளிகள் முழு வட்டம். "தளபதி" என்பதிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் பிறை வடிவம். அந்த இடத்தில் உளியின் முனை உடைந்திருக்கிறது. மாற்று உளி எடுக்காமல் உடைந்ததை வைத்தே முடித்திருக்கிறார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் கல்யாணப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "எதுக்குளா இப்பம் பரணை உருட்டுத?" என்று அம்மா திட்டினாள். இருபத்திரண்டு பாத்திரம். ஏழில் "இசக்கியம்மாள்" என்ற அம்மாவின் பெயர் வட்டப் புள்ளி. மீதிப் பதினைந்தில் பிறைப் புள்ளி. அதே பிறை. அதே பக்கத்தில் உடைந்த அதே முனை.

அப்படியானால் ஏழு பாத்திரம் வெட்டிய பிறகு, பாக்கிப் பாத்திரங்களை வெட்டுமுன், நடுவில் துப்பாக்கி வந்திருக்கிறது. அம்மாவின் கல்யாணம் 1950 ஆவணி. உங்கள் எழுத்தின் வயதை இதற்குமேல் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. கிழமை மட்டும்தான் பாக்கி.

யார் வெட்டியது, மாமா? ஏன்? சாரிடம் இன்னும் சொல்லவில்லை. பொய்யாக எழுதித் தரமாட்டேன். உங்களைக் கோர்ட்டில் பார்க்கவும் என்னால் முடியாது.

பங்கஜம்

தியாகராய நகர்,
30-6-1976

பங்கஜத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் படிக்கவில்லை. படித்த இடங்களிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரில் எத்தனையோ உளிகள் உடைகின்றன.

உன் அப்பாவிடம் சொல்லாதே.

ராஜரத்தினம்

அடையாறு,
5-7-1976

மாமாவுக்கு,

நீங்கள் இதையும் படிக்காமல் விடலாம். ஆனால் நல்ல செய்தி.

சனிக்கிழமை குழலை மரக்கட்டையிலிருந்து கழற்றினோம். அடிப்பக்கம் யார் கண்ணும் படாத இடம். அங்கே ஓர் எழுத்து இருக்கிறது. அறாத கோடாக, துப்பாக்கி செய்தவன் கையால் வெட்டியது. அதற்கு மேல்தான் துரு படர்ந்திருக்கிறது, மேலே உள்ளதுபோல் துருவுக்கு மேல் எழுத்து இல்லை. உருது எண்கள் என்று வஜீஹா பார்த்ததும் சொன்னாள். 1241. ஹிஜிரி ஆண்டு. அவள் அப்பா இனாயத் சாகிப் கணக்குப் போட்டு, 1825 அல்லது 1826 என்று சொன்னார்.

பற்றவைக்கும் துளை முழுக்க அடைந்து கிடக்கிறது. தீப்பொறி தட்டும் பூட்டில் பாதி இல்லை. சுட உதவாது. ஆக, இன்ஸ்பெக்டர் கேட்கிற இரண்டும் உண்மையிலேயே இருக்கின்றன. துப்பாக்கிக்கு நூற்றைம்பது வயது. நீங்கள் ஒரு பொய்யும் சொல்லாமலே தப்பியிருக்கலாம்.

இப்போது கெட்ட செய்தி. மேல் எழுத்தின்படி, துப்பாக்கி செய்யப்படுவதற்கு இருபத்தேழு வருஷம் முன்னாலேயே தளபதி அதைப் பரிசு வாங்கிவிட்டார். அனந்தராமன் சார் இதைப் பார்த்துவிட்டார். நான்தான் காட்டினேன். "ஒண்ணு பொய்னு ஆயிட்டா இன்னொண்ணையும் சந்தேகப்படுவாம்மா. மேல இருக்கறதை யார் வெட்டினா, எப்ப வெட்டினான்னு வெட்டச் சொன்னவரே எழுதித் தரட்டும். அந்தத் துப்பாக்கியை அப்பவே பார்த்த ஒருத்தர் ஸ்டேஷன்ல சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். நான் சர்ட்டிபிகேட் தரேன்" என்கிறார்.

1950-ல் அதைப் பார்த்தவர்களில் அப்பாவைப் பெற்ற தாத்தா இப்போது உயிரோடு இல்லை. அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைக்க நீங்கள் சம்மதிக்கமாட்டீர்கள். மிச்சம் அப்பா ஒருவர்தான்.

பத்து நாள் இருக்கிறது.

பங்கஜம்

தியாகராய நகர்,
8-7-1976

மருமகளே,

படித்தேன். எல்லாவற்றையும் படித்தேன். படிக்கவில்லை என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை நாலு தரம்.

கேள். 1950. எங்கள் அப்பா போய் ஒரு வருஷம். எனக்கு இருபத்துநாலு வயது. ஊரை விட்டு வந்து, கடை என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்து. அந்தச் சந்தில் அண்டா நுழைந்தால் நான் வெளியே நிற்கவேண்டும். உன் அம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெயர் வெட்டுகிற நாகராஜ் சீர்ப் பாத்திரங்களோடு உட்கார்ந்துவிட்டான். ஆறு நாள் இருக்கும்போது உன் அப்பாவைப் பெற்றவர், உன் தாத்தா, குடையோடு வந்து நின்றார். யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, உங்க குடும்பத்துக்குன்னு சொல்லிக்கிட ஏதும் உண்டா? இல்லேன்னா நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்" என்றார்.

உள்ளே உன் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான், "பரம்பரைத் துப்பாக்கி இருக்கு" என்றேன். ஏன் துப்பாக்கி என்றேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யானை என்று சொல்லாமல் விட்டேனே, அது குலதெய்வம் செய்த காரியம்.

"நாளைக்கு வந்து பாக்கேன்" என்று போய்விட்டார்.

விடிந்ததும் மூர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். பழைய இரும்புக் குவியலில், மாட்டு வண்டி அச்சாணிகளுக்கு அடியில் நம் தளபதி கிடந்தார். தூக்கிக்கொண்டு வந்து நாகராஜ் மடியில் வைத்தேன்.

"இன்னா நைனா இது? பொண்ணுக்குச் சீரா துப்பாக்கி குடுக்கறே?"

"எழுத்து வெட்டணும் நாகராஜு."

"யாரு பேரு? பொண்ணு பேரா, மாப்ளை பேரா?"

"தளபதி பேரு."

"அவரு எப்போ வந்தாரு? நேத்து லிஸ்ட்ல இல்லியே."

பித்தளை வெட்டும் உளி, இரும்பில் வைத்தால் பல் போய்விடும் என்று தலையால் அடித்துக்கொண்டான். கேட்கவில்லை நான். 973 வரை போயிற்று. பிறகு டிக்கென்று ஒரு சத்தம். "பூட்ச்சா? சொன்னேன்ல? இருந்தது அது ஒண்ணுதான்" என்றான். அதை வைத்தே மிச்சத்தையும் முடித்தான். அவனும் சரி, நானும் சரி, வாழ்நாளெல்லாம் புள்ளி எழுத்தையே பார்த்தவர்கள். எழுத்து என்றாலே புள்ளி என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அரண்மனை எழுத்து வேறு மாதிரி இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

உன் தாத்தா வந்து பார்த்தார். தளபதிக்குக் கும்பிடு போட்டார். கல்யாணம் நடந்தது.

ஒன்றை இதுவரை மறைத்தேன். இருபத்தாறு வருஷமாக மறைத்தது அதைத்தான். வட்டக் குழல் உருளும், யாராவது இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்றான் நாகராஜ். பிடித்துக்கொண்டது உன் அம்மா. யார் பெயர் போடுவது என்று நான் விழித்தபோது, "நம்ம தாத்தா பேரையே போடு அண்ணே. அவுக ஒரு காக்காயைக்கூட வெரட்டினதில்ல, பேராவது மெரட்டட்டும்" என்றதும் அவள்தான்.

உன் அப்பா சரித்திர வாத்தியார். வருஷா வருஷம் புதுப் பையன்களுக்குத் தன் மனைவி வீட்டுத் தளபதியைப் பற்றிச் சொல்லாமல் பாடம் தொடங்கமாட்டார். என்னைப்போல் கழுகெல்லாம் சேர்க்கமாட்டார், கண்ணியமாகச் சொல்வார். அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கும். அவர் கோபித்தால் கத்தமாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். பேசாமல் இருப்பதில் அவருக்கு முன் இமயமலை ஒரு வாயாடி. என்னிடம் பேசாமல் போகட்டும். அவளிடம் பேசாமல் போனால்?

ஆகவே என் முடிவு: துப்பாக்கி உலைக்குப் போகட்டும். நான் கோர்ட்டுக்குப் போகிறேன். ஒரு கைதியாக எனக்கு நல்ல எதிர்காலம் இருப்பதாக உன் அத்தை சொல்கிறாள்.

மாமா

அடையாறு,
12-7-1976

மாமாவுக்கு,

நீங்கள் கோபித்தாலும் சரி, உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள். தாத்தாவின் காக்காய் வந்தபோது சிரித்தாள். நீங்கள் கோர்ட்டுக்குப் போகும் இடத்தில் சிரிக்கவில்லை.

"குழலைப் பிடிச்சது நான்தான்னு அண்ணன எழுதச் சொல்லு. பாதி உண்மைய எழுதி என்னத்துக்கு? ஒங்க அப்பாகிட்ட நானே சொல்லுதேன். அண்ணன் எனக்கும் சேத்து இத்தன வருசம் பயந்தது போதும்" என்றாள்.

மறுநாள் காலை அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார். இன்றோடு இரண்டு நாள். அம்மா பரிமாறுகிறாள், அப்பா சாப்பிடுகிறார். சாம்பார் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார்.

பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு ஸ்டேஷன் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவர் மேஜைமேல் வைத்திருக்கிறேன். காகிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருவாரா என்று தெரியாது. சர்ட்டிபிகேட்டை சார் எழுதி வைத்துவிட்டார், அன்று காலை துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு அனுப்புவார். நான் அன்றைக்கு வரக்கூடாது என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான்.

பொங்கலன்று வஜீஹா முன்னால் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை.

நீங்கள் போங்கள் மாமா. அப்பா வராவிட்டாலும் போங்கள்.

பங்கஜம்

தியாகராய நகர்,
15-7-1976

என் மருமகள் பங்கஜத்துக்கு,

போனேன். ஒன்பதரைக்கே போய், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாக்குமூலம் நாலு பக்கம். முதலில் பதினோரு பக்கம் எழுதி, அதிலிருந்த இரண்டு யுத்தங்களை உன் அத்தை அடித்துவிட்டாள். உன் அம்மா குழலைப் பிடித்ததை எழுதினேன். எழுதும்போது பேனா நூறு மணு கனத்தது. இது மிகையில்லை.

பத்து ஆயிற்று. பத்தரை. ஸ்டேஷன் ரைட்டர், "சாட்சி வராட்டி நானு இன்னா பண்றது பெரியவரே? இன்னிக்கோட கெடு முடிஞ்சிபூடும்" என்றார். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு உன் அப்பா வந்து நின்றார்.

என்னைப் பார்க்கவில்லை. நேரே போய் வாக்குமூலத்தை வாங்கினார். நின்றபடியே, பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போல் நாலு பக்கத்தையும் படித்தார். மடித்தார். பிறகு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒண்ணுமில்லேன்னு எங்க அப்பாகிட்ட சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"கல்யாணம் நின்னுருக்கும் மாப்பிள்ளை."

"ஆமா. அவுக நிறுத்தியிருப்பாக." குடைக்காம்பைத் திருகினார். "நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். அஞ்சு நாளா அதத்தான் யோசிச்சேன். ஒங்க மேல கோவப்படலாம்னு ஆரம்பிச்சா, அங்க வந்து நின்னுருது."

அவர் குடையை வைக்க நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன்.

ரைட்டர் காகிதத்தை நீட்டி, "சாட்சி பேரு அய்யாதுரை. சரி. வாக்குமூலம் குடுக்கறவருக்கு இன்னா வேணும் நீங்க? உறவு எழுதணும்" என்றார்.

இருபத்தாறு வருஷமாக உன் அப்பா என்னைக் கூப்பிட்டதெல்லாம் "ராஜரத்தினம்" என்றுதான். அதுவும் முழுப் பெயர், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல். தளபதி வம்சத்து ஆளிடம் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளி நிற்கவேண்டும் என்று நினைத்திருப்பார் போல. நான் வைத்த தளபதி எனக்கே குறுக்கே நின்றிருக்கிறார்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். அந்த நேரத்தில் பல்லவர், சோழர், நாயக்கர் எல்லாரும் ஆண்டு முடித்துவிட்டுப் போயிருக்கலாம். "இவரு என் மச்சான்" என்றார். ரைட்டரிடம்தான் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டி, "நீங்க இங்க போடணும் மச்சான்" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் உங்கள் சர்ட்டிபிகேட்டைப் படித்துவிட்டு, எல்லாம் சரி, எடுத்துப் போகலாம் என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பனகல் பார்க் எதிரே காபி சாப்பிட்டோம். முழுத் தம்ளரும் குடித்தார். அந்த நாகராஜ் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்தார். கழுகைப் பற்றிக்கூட ஒரு கேள்வி கேட்டார். மயிலாப்பூர் பஸ் வந்து அவர் ஏறி, பஸ் திரும்பியும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கியை இரண்டு பேருமே ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

சனிக்கிழமை போய் எடுத்துக்கொள்ளலாம் என்று உன் அப்பாவிடம் சொல். அவர் வராமல் நான் மட்டும் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அரிசியைக் குறைக்கவேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்.

மாமா